ஒற்றை மூலக்கூறும் மயிரிழை வாய்க்காலும்: நம் பக்கத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவேரிப்பட்டணம் என் சொந்த ஊர். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில், புரதம், டி.என்.ஏ. போன்ற உயிர் மூலக்கூறுகளை மயிரிழை போன்ற நுண்வாய்க்காலில் ஓடவிட்டு, ஒவ்வொன்றாக ஒளிரவைத்துப் பார்க்கும் வேலையில் ஏழு வருடம் இருந்தேன். ஊருக்கு வரும்போது வீட்டிலும், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துப் பள்ளி கல்லூரிகளில் பேசப் போகும்போதும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்ச்சொல்லாகவே விட்டிருக்கிறேன்.

ஒத்தை மூலக்கூறைப் பார்த்து என்னப்பா பண்ணப் போற?

இது பெரியப்பா கேட்டது. மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்குச் சொன்ன பதிலே எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஏறக்குறைய நடுவில் சூளகிரி. நம் பங்காளிகள் நூறு பேரில் ஐம்பது பேர் கிருஷ்ணகிரியிலும் ஐம்பது பேர் ஓசூரிலும் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்கள் சராசரியாக எங்கே இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டால் சூளகிரி என்று வரும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் சூளகிரியில் ஒருத்தர்கூட இல்லை.

சோதனைக் குழாயில் நடக்கும் அளவீடுகள் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். ஒரு மில்லிலிட்டர் கரைசலில் ஒரு மைக்ரோமோலார் செறிவில் புரதம் இருந்தால் அதில் ஆறு கோடிக் கோடி மூலக்கூறுகள் இருக்கும். அத்தனையும் சேர்ந்து தரும் ஒரே எண்ணைத்தான் கருவி காட்டும். அந்த எண் ‘பாதி மடிந்த நிலை’ என்று சொன்னால், ஒவ்வொரு புரதமும் பாதி மடிந்திருக்கிறதா, இல்லை பாதிப் புரதங்கள் முழுதாக மடிந்தும் மீதி முழுதாக அவிழ்ந்தும் கிடக்கின்றனவா? சராசரியை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. கிருஷ்ணகிரியில் கிளம்பியவர் ஓசூர் போகும் வழியில் சூளகிரியில் இறங்கி டீ குடித்தாரா என்பது, அவரைப் பின்தொடர்ந்து போனால்தான் தெரியும். புரதம் மடியும்போது நடுவில் எங்கே தயங்கி நிற்கிறது, டி.என்.ஏ. மேல் நகரும் நொதி எந்த இடத்தில் நின்று பின்வாங்குகிறது என்பதெல்லாம் இப்படிப்பட்ட டீக்கடை நிறுத்தங்கள். பல நோய்களும் பல மருந்துகளும் வேலை செய்யும் இடம் அந்த நிறுத்தங்களில் இருக்கிறது. 1998இல் வேதியியலாளர் சன்னி ஷீ குழுவினர் கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ் என்ற நொதியை ஒவ்வொன்றாகக் கவனித்தபோது, ஒரே மூலக்கூறின் வேகமே நேரத்துக்கு நேரம் மாறுவதைக் கண்டார்கள். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரை அது எவருக்கும் தெரியாது.

பெரியப்பா கேட்டுவிட்டு, “மண்டி சராசரி ரேட்டைச் சொல்லி நம்ம லோடை மதிக்கிற மாதிரி” என்றார். அதைவிட நன்றாக நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு மூலக்கூறு கண்ணுக்குத் தெரியுமா?

அதன் உருவம் தெரியாது. அதிலிருந்து வரும் வெளிச்சம் தெரியும். மலைமேல் நின்று இரவில் பார்த்தால் தூரத்துக் கிராமத்தில் எரியும் பல்பு ஒரு புள்ளியாகத் தெரிகிறதல்லவா? பல்பின் வடிவம் தெரியவில்லை. ஆனால் அங்கே ஒரு விளக்கு இருக்கிறது, எரிகிறது, அணைகிறது என்பதில் சந்தேகம் வராது. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 250 நானோமீட்டருக்குக் குறைவான விவரம் மங்கிவிடும். ஒரு புரதம் ஐந்து நானோமீட்டர் அளவுதான். ஆனாலும் அந்த மங்கலான புள்ளியின் நடு எது என்று, போதுமான ஒளித்துகள்கள் கிடைத்தால், ஒன்றிரண்டு நானோமீட்டர் துல்லியத்தில் கணக்கிடலாம். மயோசின் என்ற நகரும் புரதக் குடும்பத்தில் ஒன்று கால் மாற்றிக் கால் வைத்து நடப்பதை 2003இல் இப்படித்தான் உறுதி செய்தார்கள்.

ஃப்ளூரசன்ஸ்னு சொல்றீங்களே, அது நம்ம ஊர்த் தண்ணில இருக்கிற ஃப்ளோரைடா?

தருமபுரி மாவட்டத்தில் எங்கே பேசினாலும் இந்தக் கேள்வி வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகளும், மூட்டும் எலும்பும் இறுகிப்போன பெரியவர்களும் இருக்கும் ஊர்கள் நம்முடையவை. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013இல் தொடங்கிவைத்தார்கள்.

இரண்டும் வேறு வேறு. ஃப்ளோரைடு என்பது பாறையிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் கலக்கும் அயனி. ஃப்ளூரசன்ஸ் என்பது ஒரு பொருள் ஒளியை வாங்கி, சில நானோ வினாடிக்குள் வேறு நிறத்தில் திருப்பித் தரும் குணம். பாடப்புத்தகத்தில் உடனொளிர்தல் என்று படித்திருப்பீர்கள். இங்கே சுருக்கமாக ஒளிர்வு என்கிறேன்.

ஆனால் பெயர்கள் உடன்பிறந்தவை, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஃப்ளோர்ஸ்பார் என்றொரு கனிமம் உண்டு. உலோகம் உருக்குகிறவர்கள் அதைச் சேர்த்தால் கசடு இளகி ஓடும். அதனால் ‘ஓடுதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. அந்தக் கனிமத்தில் இருக்கும் தனிமத்துக்கு ஃப்ளோரின் என்று பெயர் வைத்தார்கள். 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், ஒளியை நிறம் மாற்றித் தரும் குணத்துக்குப் பெயர் தேடியபோது, அப்படி ஒளிரும் அதே கனிமத்தின் பெயரிலிருந்து ஃப்ளூரசன்ஸ் என்று வைத்தார். பாய்மத்துக்கான ஃப்ளூயிட் என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஆக நம் கிணற்று ஃப்ளோரைடு, என் மூலக்கூறு தரும் வெளிச்சம், அந்த மூலக்கூறு ஓடும் நுண்வாய்க்கால், மூன்றுக்கும் வேர்ச்சொல் ‘ஓடு’.

இந்த முறையால் நம் தண்ணீரில் ஃப்ளோரைடை அளக்கலாமா என்றும் உடனே கேட்பார்கள். அதற்கு இது வேண்டியதில்லை. அயனி மின்முனைக் கருவியோ நிறம் மாறும் பரிசோதனைப் பெட்டியோ போதும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது என்பதை அவையே தெளிவாகச் சொல்லிவிடும். தேவையில்லாத இடத்தில் பெரிய கருவியைக் கொண்டுபோய் வைப்பது எனக்குப் பிடிக்காது.

ஒளிர்வை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். கடைகளில் நோட்டு சரிபார்க்கும் ஊதா விளக்கு ஒன்று போதும். ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைச் சானிடைசரில் கலக்கி, தெளிந்ததும் இருட்டில் அந்த விளக்கைக் காட்டுங்கள். பச்சை கலந்த மஞ்சளில் ஒளிரும். கீரையை ஸ்பிரிட்டில் நசுக்கி வடித்த பச்சைச் சாறு சிவப்பாக ஒளிரும். பச்சைச் சாறு எப்படிச் சிவப்பாகும் என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் எனக்கு அன்றைய நாள் நிறைந்துவிடும். விளக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

வாங்கும் ஒளியும் தரும் ஒளியும் நிறத்தில் வேறுபடுவதில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது. பச்சை லேசரை மூலக்கூறின்மேல் அடிக்கிறோம். அது ஆரஞ்சு நிறத்தில் திருப்பித் தருகிறது. நடுவில் ஒரு வடிகட்டிக் கண்ணாடி, பச்சையை முழுதாகத் தடுத்து ஆரஞ்சை மட்டும் விடுகிறது. பின்புலம் இருண்டுபோகும். அந்த இருட்டில்தான் ஒற்றை மூலக்கூறு தெரியும். அமாவாசை இரவில் மின்மினி தெரிவதும் பௌர்ணமியில் தெரியாததும் இதே காரணத்தால்.

கோடிக் கோடி மூலக்கூறில் ஒன்றை மட்டும் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

பிரிப்பதில்லை. நீர்க்க வைக்கிறோம். எவ்வளவு என்றால், காவிரித் தண்ணீர்ச் செய்தியில் தினமும் படிக்கும் ஒரு டி.எம்.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 2,830 கோடி லிட்டர். அதில் ஒரு கிலோ சர்க்கரையைக் கரைத்தால் கிடைக்கும் செறிவு, கிட்டத்தட்ட 100 பிக்கோமோலார். நாங்கள் வேலை செய்வது அந்தச் செறிவில்.

லேசரை லென்ஸ் வழியே குவித்தால், ஒளி படும் இடத்தின் கன அளவு சுமார் ஒரு ஃபெம்டோ லிட்டர், அதாவது ஒரு லிட்டரைக் கோடிக் கோடிப் பங்காக்கி, அந்தப் பங்கையும் பத்தாக்கினால் வரும் ஒரு துளி. 100 பிக்கோமோலார் கரைசலில் அந்த இடத்துக்குள் எந்த நொடியிலும் இருக்கும் மூலக்கூறின் சராசரி 0.06. அதாவது பெரும்பாலான நேரம் யாருமில்லை. எப்போதாவது ஒன்று உள்ளே வந்து, ஒரு மில்லி வினாடி போல ஒளிர்ந்து, வெளியே போய்விடும். இரண்டு சேர்ந்து வருவது அபூர்வம். ஆயிரக்கணக்கான இந்தச் சிறு மின்னல்களைச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கெடுப்போம்.

இன்னொரு வழி, மூலக்கூறைக் கண்ணாடியில் கட்டிப்போடுவது. பயோட்டின் என்ற வைட்டமினை ஒரு முனையில் ஒட்டி, அதை விடாப்பிடியாகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டவிடின் புரதத்தால் கண்ணாடியோடு பிணைப்போம். ஒளியைச் சாய்வாகச் செலுத்தி முழு அக எதிரொளிப்பு நடக்கச் செய்தால், கண்ணாடியை ஒட்டிய 100, 200 நானோமீட்டர் அடுக்கு மட்டும் வெளிச்சம் பெறும். மேலே மிதப்பவை இருட்டில் கிடக்கும். 1995இல் ஜப்பானில் யனகிடா குழுவினர் தண்ணீருக்குள் ஒற்றை மயோசினையும் அது எரிபொருளாகக் கொள்ளும் ஏ.டி.பி.யையும் பார்த்தது இப்படித்தான். கட்டிப்போட்டால் ஒரே மூலக்கூறை ஒரு நிமிடம்கூடத் தொடரலாம்.

ஒரு புள்ளி எரிவதை வைத்துப் புரதம் மடிவது எப்படித் தெரியும்?

ஒரு சாயம் போதாது, இரண்டு வேண்டும். புரதத்தின் ஒரு பக்கம் பச்சை ஒளியை வாங்கும் சாயம், மறு பக்கம் சிவப்பில் ஒளிரும் சாயம். லேசர் முதல் சாயத்துக்கு மட்டும் ஆற்றல் தரும். இரண்டாவது சாயம் அருகில் இருந்தால், முதல் சாயம் தன் ஆற்றலை ஒளியாக வெளியே விடாமல் நேராகக் கைமாற்றிவிடும். காதோடு காதாகச் சொல்லும் ரகசியம்போல. தள்ளி உட்கார்ந்தால் கேட்காது.

எவ்வளவு தள்ளி என்பதில்தான் இதன் அழகு. இந்தக் கைமாற்றம் தூரத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. வழக்கமான ஒரு சாய இணைக்கு ஐந்து நானோமீட்டர் தூரத்தில் பாதி ஆற்றல் மாறும் என்றால், இரண்டரை நானோமீட்டரில் 98 விழுக்காட்டுக்கு மேல் மாறிவிடும். பத்து நானோமீட்டரில் இரண்டு விழுக்காட்டுக்கும் கீழே. புரதங்களின் அளவுக்கென்றே செய்துவைத்த அளவுகோல் இது. தியோடர் ஃபோர்ஸ்டர் 1940களில் இதற்குக் கோட்பாடு தந்தார்; 1967இல் ஸ்ட்ரையரும் ஹாக்லாண்டும் இதை மூலக்கூறு அளவுகோலாகப் பயன்படுத்திக் காட்டினார்கள்; 1996இல் டேக்ஜிப் ஹா குழுவினர் ஒற்றை இணையிலேயே அளந்தார்கள். முதல் சாயத்தின் ஒளி குறைந்து சிவப்பு கூடினால் இரு முனையும் நெருங்குகின்றன. திரையில் இரண்டு கோடுகளும் ஒன்று ஏற ஒன்று இறங்குவதை முதல்முறை பார்த்த இரவு நான் தூங்கவில்லை.

அப்புறம் அந்த நுண்வாய்க்கால் எதற்கு? சாதாரணக் குழாய் போதாதா?

போதாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒகேனக்கல்லில் தண்ணீர் விழும் இடத்தைப் பாருங்கள். சுழல், நுரை, எதிர்நீச்சல். அங்கே ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொட்டினால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே தண்ணீரை 50 மைக்ரோமீட்டர் அகல வாய்க்காலில், தலைமுடியைவிடச் சற்று மெலிந்த பாதையில், நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் விட்டால் அது தேன்போல நடந்துகொள்ளும். ஓட்டம் சுழலுமா, சீராகப் போகுமா என்று சொல்லும், பாடத்தில் படித்த ரெனால்டு எண் அங்கே 0.05 அளவில்தான் இருக்கும். குழாயில் சுழற்சி ஓட்டம் வர 2,000க்கு மேல் வேண்டும். ஆகவே சுழல் கிடையாது. இரண்டு நீரோட்டங்களை அருகருகே விட்டால், ஒரே ரோட்டில் இரண்டு தடத்தில் போகும் வண்டிகள்போல, கலக்காமல் போய்க்கொண்டே இருக்கும். கலப்பது விரவலால் மட்டுமே, அதாவது மூலக்கூறுகள் தாமாகவே அங்குமிங்கும் அலைந்து பரவுவதால்.

விரவல் சின்னத் தூரத்துக்கு வேகம், பெரிய தூரத்துக்கு ஆமை. ஒரு நடுத்தரப் புரதம் 100 மைக்ரோமீட்டர் விரவ ஒரு நிமிடம் போல எடுக்கும். ஒரு மைக்ரோமீட்டர் விரவ ஐந்து மில்லி வினாடி போதும். தூரம் நூறு மடங்கு குறைந்தால் நேரம் பத்தாயிரம் மடங்கு குறைகிறது. எனவே இரண்டு பக்கத்திலிருந்தும் நீரோட்டத்தால் நெருக்கி, நடு ஓட்டத்தை ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே மெலியவைத்தால், கலத்தல் நொடிப்பொழுதில் நடந்துவிடும். 1998இல் பிரின்ஸ்டனில் இப்படிச் செய்து, பத்து மைக்ரோ வினாடிக்குள் கலக்க முடியும் என்று காட்டினார்கள்.

இதனால் என்ன கிடைக்கிறது? புரதத்தை அவிழ்த்து வைத்திருந்த யூரியா போன்ற பொருளை ஒரு கணத்தில் நீர்க்கச்செய்து, அது மடியத் தொடங்கும் கணத்தை நாமே குறிக்கலாம். அதற்குப் பிறகு தூரமே நேரம். கே.ஆர்.பி. அணையில் மதகு திறந்தால் தண்ணீர் காவேரிப்பட்டணம் வரும்போது மணி என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு கணக்கு இருக்கும். அதே கணக்குதான். கலந்த இடத்திலிருந்து 100 மைக்ரோமீட்டர் தள்ளி லேசரை வைத்தால், மடியத் தொடங்கி பத்தில் ஒரு வினாடி ஆன மூலக்கூறுகளைப் பார்க்கிறோம். ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் ஒரு வினாடி ஆனவற்றை. லேசரை எத்தனை நேரம் வேண்டுமானாலும் ஒரே இடத்தில் வைத்திருக்கலாம். அந்த இடத்தில் நேரம் நின்றுவிடும், மூலக்கூறுகள் மட்டும் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கும். 2003இல் லிப்மன், ஷூலர், பகாஜின், ஈட்டன் ஆகியோர் வெந்நீரில் வாழும் ஒரு பாக்டீரியாவின் சிறு புரதத்தை இப்படி ஒவ்வொன்றாக அளந்தபோதுதான், ஒற்றை மூலக்கூறும் நுண்வாய்க்காலும் முறையாகக் கைகோத்தன.

கட்டிப்போட்ட மூலக்கூறுக்கும் ஓட்டம் உதவும். டி.என்.ஏ.வின் ஒரு முனையைக் கண்ணாடியில் கட்டி நீரை ஓடவிட்டால், தென்பெண்ணையில் கல்லைப் பிடித்த பாசி ஓட்டத்தில் நீண்டு ஆடுவதுபோல நீளும். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் லாம்டா வைரஸ் டி.என்.ஏ.வின் நீளம் 16 மைக்ரோமீட்டர். அதன்மேல் நொதி ஊர்ந்து போவதைத் தண்டவாளத்தில் ரயில் போவதுபோலப் பார்க்கலாம்.

நுண்வாய்க்கால் இருக்கும் அந்தச் சில்லை (சிப்பை) எப்படிச் செய்கிறார்கள்?

ஒளியால் அச்சு வரைந்த சிலிக்கான் தகட்டின்மேல், பி.டி.எம்.எஸ். என்ற தெளிவான சிலிக்கோன் ரப்பரை ஊற்றி, சூட்டில் இறுகவைத்து, உரித்து எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். அச்சு வெல்லம் ஊற்றி எடுப்பதுபோல ஓர் அச்சிலிருந்து பல சில்லுகள் எடுக்கலாம். அச்சு செய்யத்தான் தூசியில்லா அறை வேண்டும். ஊற்றி எடுப்பது சாதாரண மேசையிலேயே நடக்கும். 1990களில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் இதைப் பரவலாக்கிய பிறகுதான் சிறிய ஆய்வகங்களுக்கும் இது எட்டியது.

வேலையில் எது சிரமம்?

காற்றுக் குமிழி. வேறு பெரிய பெரிய பதில்களை எதிர்பார்ப்பார்கள். ஆனால் இதுதான் உண்மை. 50 மைக்ரோமீட்டர் வாய்க்காலில் குமிழி ஒன்று அடைத்தால், தண்ணீர்ப் பைப்பில் காற்று அடைத்ததுபோல எல்லாம் நின்றுவிடும். என் இரண்டாம் வருடத்தில், நான்கு மாதம் பாடுபட்டுச் சுத்தம் செய்து சாயம் ஒட்டிய புரதத்தின் கடைசி 20 மைக்ரோலிட்டரை ஏற்றினேன். ஊசிக்குழலில் கண்ணுக்குத் தெரியாத குமிழி இருந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் ஓட்டம் திசைமாறி எல்லாம் கழிவுக் குழாயில் போயிற்று. அன்றிலிருந்து கரைசலை வெற்றிடத்தில் வைத்துக் காற்று நீக்காமல் ஏற்றுவதில்லை. புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு முதல் நாள் சொல்லித்தருவதும் இதுதான்.

அடுத்தது ஒட்டிக்கொள்ளுதல். இவ்வளவு நீர்த்த கரைசலில் இருக்கும் கொஞ்சநஞ்சப் புரதமும் சுவரில் ஒட்டிக்கொண்டால் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பாலிஎதிலீன் கிளைக்கால் பூச்சு பூசி அதைத் தடுப்போம். மூன்றாவது, சாயம் அழிதல். தண்ணீரில் ஒரு நல்ல சாயம் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் ஒளித்துகள் தருவதற்குள் ஆக்சிஜனோடு வினைபட்டு நிரந்தரமாக அணைந்துவிடும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ் என்ற இரண்டு நொதிகளைச் சேர்த்து ஆக்சிஜனை உறிஞ்சவைத்து ஆயுளை நீட்டுவோம்.

இதையெல்லாம் யார் தொடங்கினார்கள்?

முடியாது என்ற நம்பிக்கையிலிருந்து தொடங்கியது. 1952இல் ஷ்ரோடிங்கரே, ஒற்றை அணுவையோ மூலக்கூறையோ வைத்து நாம் சோதனை செய்வதில்லை என்று எழுதினார். ஒன்பதே வருடத்தில், 1961இல், போரிஸ் ரோட்மன் எண்ணெய்க்குள் மிதக்கும் நுண்துளிகளில் நொதியை அடைத்தார். ஒரு துளியில் ஒரு நொதி இருந்தால், அது ஒளிராத பொருளை வெட்டி வெட்டி ஒளிரும் பொருளாகக் குவிக்கும், துளி ஒளிரும். நுண்துளியும் ஒளிர்வும் சேர்ந்த முதல் ஒற்றை மூலக்கூறு அளவீடு அது. இன்றைக்கு வரும் பெரிய கருவிகள் பலவற்றுக்கு அந்த யோசனைதான் விதை. அதற்குரிய புகழ் அவருக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

1976இல் ஹிர்ஷ்ஃபெல்ட், பல சாயங்களைச் சுமந்த ஒற்றை எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடியை) கண்டார். 1989இல் மோர்னரும் காடரும் திரவ ஹீலியக் குளிரில் ஒற்றைச் சாய மூலக்கூறு ஒளியை உறிஞ்சுவதைப் பதிவுசெய்தார்கள். மறு வருடமே ஆரிட்டும் பெர்னார்டும் அதை ஒளிர்வாகவே கண்டார்கள். அதே 1990இல் லாஸ் அலமோஸில் கெல்லர் குழுவினர், ஓடும் நீரில் ரோடமின் என்ற சாயத்தின் ஒற்றை மூலக்கூறைப் பிடித்தார்கள். 2014 வேதியியல் நோபல் பரிசு மோர்னர், பெட்சிக், ஹெல் மூவருக்கும் மீநுண் ஒளிர்வு நுண்ணோக்கிக்காகக் கிடைத்தது.

ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம்?

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சிவிட்டு எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை நினைவிருக்கும். அதில் மூலக்கூறு பெருகப் பெருக ஒளிர்வு கூடுவதைத்தான் கருவி பார்த்தது. அதையே நுண்துளிகளில் செய்தால் டிஜிட்டல் பி.சி.ஆர். நம் பக்கம் தக்காளி நாற்று விடும் 98 குழித்தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விதையை அளவாகத் தூவி, எத்தனை குழியில் முளைத்தது, எத்தனை குழி காலி என்று எண்ணினால், தூவிய விதை எத்தனை என்று கணக்குப் போட்டுவிடலாம். டிஜிட்டல் பி.சி.ஆரில் குழிகளுக்குப் பதில் சுமார் 20,000 துளிகள். முளைப்பதற்குப் பதில் ஒளிர்வது. ரத்தத்தில் மிக அரிதாக மிதக்கும் புற்றுநோய் டி.என்.ஏ.வை இப்படி எண்ணுகிறார்கள். 2010இல் இதே எண்ணும் முறையைப் புரதங்களுக்கும் கொண்டுவந்தார்கள். மறதி நோயின் அடையாளப் புரதங்களை முதுகுத்தண்டில் ஊசி குத்தாமல் ரத்தத்திலேயே தேட அது வழி திறந்தது.

டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் ஒரு வகைக் கருவி, கண்ணுக்கெட்டாத குழி ஒவ்வொன்றின் அடியிலும் ஒற்றை நொதியை உட்காரவைத்து, அது ஒவ்வொரு எழுத்தாகச் சேர்க்கும்போது வரும் நிற மின்னலைப் படிக்கிறது. 2022இல் மனித மரபணுத் தொகுதியில் விடுபட்டிருந்த இடங்கள் நிரப்பப்பட்டபோது இந்த வகை வாசிப்பும் அதில் பங்கெடுத்தது.

நாங்க பட்டுப்புழு வளர்க்கிறோம். எங்களுக்கு இதில் ஏதாவது இருக்கா?

கூடு விலை ஏறாது. அதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் தட்டில் தழை தின்னும் ஒவ்வொரு புழுவும், நாங்கள் செய்ய முயலும் நுண்வாய்க்காலை உடம்பிலேயே வைத்திருக்கிறது. பட்டுச் சுரப்பியில் ஃபைப்ராயின் புரதம் கெட்டியான கரைசலாகச் சேர்ந்திருக்கும். எடையில் கால் பங்கு போலப் புரதமே. அது மெலிந்துகொண்டே போகும் குழாய் வழியே வரும்போது, ஓட்டத்தின் இழுப்பும் அமிலத்தன்மை மாற்றமும் சேர்ந்து சங்கிலிகளை வரிசைப்படுத்த, வாயில் வரும்போது நூலாகிவிடுகிறது. சூடு இல்லை, விஷக் கரைப்பான் இல்லை. இதைக் கண்ணாடிச் சில்லில் திருப்பிச் செய்ய உலகம் முழுக்க முயல்கிறார்கள். புழு செய்யும் தரத்தை எட்டுவது இன்னும் பாடாகத்தான் இருக்கிறது. நுண்ணோக்கி பட்டுக்குச் செய்த பெரிய உதவி வேறு: பெப்ரின் நோய்க்குத் தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் சோதிக்கும் முறை. 1860களில் லூயி பாஸ்டர் வகுத்தது, இன்றும் முட்டை உற்பத்தி நிலையங்களில் நடக்கிறது.

சாயம் ஒட்டினால் மூலக்கூறின் இயல்பே மாறிவிடாதா?

தருமபுரியில் இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி ஒருவர் கேட்டது. இந்தத் துறையில் கேட்கவேண்டிய மிக முக்கியமான கேள்வி இதுதான், மாறலாம் என்பதுதான் பதில். அதனால் சாயம் ஒட்டிய நொதி பழைய வேகத்தில் வேலை செய்கிறதா என்று குழாயில் ஒப்பிடுவோம். சாயத்தை வேறு இடத்தில் ஒட்டித் திரும்ப அளப்போம். கட்டிப்போட்டதையும் மிதப்பதையும் ஒப்பிடுவோம். 2018இல் உலகின் 20 ஆய்வகங்கள் ஒரே டி.என்.ஏ. மாதிரிகளைத் தனித்தனியே அளந்து ஒப்பிட்டன; விடைகள் நன்றாகவே ஒத்துப்போயின. அந்த ஒப்பீடு வராமல் இருந்திருந்தால் நானே பாதி நம்பிக்கையோடுதான் வேலை செய்திருப்பேன்.

தமிழ் வழியில் படித்தவன் நான். இதற்குள் வர முடியுமா?

நானும் பிளஸ் டூ வரை தமிழ்வழிதான். விரவலைத் தமிழில் புரிந்துகொண்டவனுக்கு ஆங்கிலப் பெயரைப் பழக ஒரு வாரம் போதும். புரியாமல் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவனுக்கு வருடங்கள் ஆகும்.

பி.எஸ்சி.யில் இயற்பியல், வேதியியல், உயிர்வேதியியல் எதுவானாலும் சரி. ஜாம் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் வழி இருக்கிறது. மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடை விடுமுறையில் ஆய்வகத்தில் வேலை பழக உதவித்தொகை தருகின்றன. நம் கல்லூரிகளில் பலருக்கு இது தெரிவதே இல்லை, ஆசிரியர்களிடம் கேளுங்கள். பைத்தான் மொழி கொஞ்சம் பழகுங்கள். இந்த வேலையில் பாதி, படங்களிலிருந்து எண்களை எடுப்பது. ஐ.ஐ.எஸ்.சி. வருடத்தில் ஒரு நாள் பொதுமக்களுக்குக் கதவைத் திறக்கிறது. ஓசூரிலிருந்து காலை பஸ் பிடித்தால் போதும். பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

அது ஒரே ஒரு மூலக்கூறுதான் என்று எப்படி நம்புவது? இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு இருந்தால்?

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பாப்பா கேட்டாள். மடிக்கணினியில் ஒரு புள்ளியின் ஒளி அளவை நேரத்தோடு வரைந்த கோட்டைக் காட்டினேன். நூறு சாயங்கள் சேர்ந்த புள்ளி என்றால், எண்ணெய் வற்றிய விளக்குபோலக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். இரண்டு என்றால் இரண்டு படியாக இறங்கும். ஒன்று என்றால் மங்கவே மங்காது. ஒரே அளவில் எரிந்துகொண்டிருக்கும். நடுவில் சில சமயம் கண் சிமிட்டும். பிறகு ஒரே படியில் பூஜ்யத்துக்கு விழும்.

அவள் கோட்டின்மேல் விரலை வைத்து, கடைசிவரை நகர்த்திக்கொண்டே போனாள். படி வந்த இடத்தில் நிறுத்தி, “இங்க ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அண்ணா” என்றாள்.